இடது கன்னத்தில் மச்சம்

"இது யாரோட போட்டோ?"

"என்னோடதுதாங்க," என்றார் அப்பா.

அறக்கட்டளை அலுவலகத்தின் கண்ணாடிக்கார மேடம் விண்ணப்பத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். விண்ணப்பத்தில் ஒட்டியிருந்தவர் கோட்டும் டையும் போட்டு, தலை நிறைய முடியோடு, பதவி உயர்வு வாங்கியவர் மாதிரி இருந்தார். எதிரே நாற்காலியில் இருந்தவருக்குச் சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து நுழையும்.

"கோட்டு போட்டுக்கிட்டா சார் உதவி கேப்பாங்க?"

"ஸ்டூடியோ கோட்டுங்க அது. பின்னாடி கிளிப் இருக்கும், யாருக்கும் சேரும். அப்ளிகேஷனுக்குன்னா எல்லாருக்கும் அதத்தான் மாட்டி விடறது. பழக்கதோஷம்."

"கோட்ட விடுங்க. அங்க அடையாளம், இடது கன்னத்தில் மச்சம்னு எழுதியிருக்கு. உங்களுக்கு இருக்கு. இவருக்கு இல்லையே?"

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இன்னும் ஒதுங்கி நின்றேன்.

எங்களுடைய ஸ்டூடியோ ஒடுக்கமான ஒரே அறை. முன்பக்கம் ஸ்டூல், திரை, சீப்பு தொங்கும் கண்ணாடி. அது அப்பாவின் ராஜ்ஜியம். பலகைத் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டரும் நானும். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது. பத்தாவதைப் பாதியில் விட்டுவிட்டு இந்தத் தடுப்புக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தேன். வருகிறவர்களின் பருவையும் தழும்பையும் கண்ணுக்கடியில் இருக்கும் கருவளையத்தையும் அழிக்க வேண்டும். டச்சப் என்போம். திரையில் இருக்கும் முகங்கள் எதுவும் என்னைக் கேள்வி கேட்காது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்பாவுக்கு இரத்தப் புற்றுநோய் என்றார்கள். விற்க முடிந்ததெல்லாம் முதல் சுற்று கீமோவோடு போயிற்று. ஸ்டூடியோ சாமான்கள் மட்டும்தான் மிச்சம். இரண்டாம் சுற்றை அடுத்த வாரமே தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த விண்ணப்பத்தை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை.

அதற்கான படத்தைத் திரையில் திறந்தபோது, அப்பாவின் முகமெங்கும் நோய் போட்ட சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். என் கை தானாகவே மவுஸுக்குப் போய்விட்டது. ஒவ்வொன்றாக அழித்தேன். குழிந்த கண்ணைச் சரி செய்தேன். நெற்றியில் முடி வைத்தேன். முடித்தபோது பழைய அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளிகளோடு மச்சமும் போனதை நான் கவனிக்கவில்லை.

"குழுவுல அஞ்சு பேரு," என்றார் மேடம். "அவங்க யாரும் உங்கள நேர்ல பாக்கப் போறதில்ல. இந்தப் பேப்பரத்தான் பாப்பாங்க. இப்படியே அனுப்பினா ஆள் மாறாட்டம்னு ஒதுக்கிடுவாங்க. அப்புறம் அடுத்த கூட்டம் ரெண்டு மாசம் கழிச்சுத்தான்."

அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

"மிஷின் கோளாறுங்க," என்றார் அப்பா அவசரமாக. "பழைய கம்ப்யூட்டர். சில சமயம் அதுவாவே..."

"நான்தான் மேடம்."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"புள்ளிய அழிச்சேன். மச்சமும் சேந்து போயிடுச்சு. முடியும் நான் வச்சதுதான்."

"ஏம்மா இப்படிப் பண்ணின?"

"அப்பா நல்லா இருக்கட்டும்னு."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு எல்லாத்தையும் கட்டி அனுப்பிடுவேன். அதுக்குள்ள வேற படம் கொண்டு வா. எதையும் தொடாம."

திரும்பும்போது பஸ்ஸில் அப்பாதான் ஆரம்பித்தார்.

"இருபது வயசக் குறைச்சிருக்கியேம்மா. எனக்குப் புதுசா பொண்ணு பாக்கப் போறியா?"

"குடுக்கறதுக்கு எவன் க்யூவுல நிக்கறான்?" என்றாள் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே. "மொதல்ல ஒழுங்கா மாத்திரைய முழுங்குங்க."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அம்மா முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

ஸ்டூடியோவில் அப்பாவின் கை பழக்கத்தில் கோட்டை எடுக்கப் போனது. அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனாள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கேமராவுக்குப் பின்னால் நின்றேன்.

"ம், சொல்லு."

"என்னத்தப்பா?"

"கஸ்டமர் வந்து உக்காந்திருக்கேன். எப்படி உக்காரணும்னு சொல்ல வேணாமா?"

"நாடியக் கொஞ்சம் தூக்குங்கப்பா."

"காதுல விழல."

"தூக்குங்க! சிரிக்காதீங்க."

"நான் எங்க சிரிச்சேன்? மூஞ்சியே அப்படி."

எடுத்தேன்.

படம் திரையில் வந்தது. புள்ளிகள், குழி, அங்கங்கே திட்டாக மிஞ்சிய முடி, மச்சம். கையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்பா தடுப்பைப் பிடித்தபடி வந்து பின்னால் நின்றார். ஒரு வாரமாக அவர் கடைக் கண்ணாடிப் பக்கமே போகவில்லை என்பது எனக்குத் தெரியும். வெகு நேரம் பார்த்தார்.

"லைட்டு சரியா விழுந்திருக்கு," என்றார். பிறகு மெதுவாக, "பிரிண்ட் போடும்மா."

அதற்கு மேல் அவரால் நடக்க முடியவில்லை. நான் மட்டும் ஓடினேன். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

மேடம் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"தொடலையே?"

"தொடல மேடம்."

பழைய படத்தைப் பிய்த்துவிட்டு இதை ஒட்டினார். முகத்தில் மை படாதபடி தோள்பட்டை ஓரமாகப் பார்த்து முத்திரை குத்தினார்.

நான்கு நாள் கழித்து போன் வந்தபோது அம்மாவின் கையெல்லாம் சோப்பு நுரை. நான் எடுத்தேன். கேட்க வேண்டியதை எல்லாம் நானே கேட்டேன்.

"ரெண்டாவது சுத்துக்கும் மூணாவதுக்கும் குடுக்கறாங்களாம்," என்றேன் அறைக்குள் வந்து. "பணம் நேரா ஆஸ்பத்திரிக்கே போயிடுமாம். நாலாவதுக்கு மறுபடி எழுதிப் போடணுமாம்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து ஈரக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்ப புதுப் போட்டோ வேணுமாம்பா. இது செல்லாதாம்."

படுத்திருந்த அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

"எடுத்துட்டாப் போச்சு. அதுக்குள்ள முடி வந்திருந்தா, ஒட்டினதான்னு அந்தம்மா இழுத்துப் பாத்தாலும் பாப்பாங்க."

"இழுக்கட்டும்," என்றாள் அம்மா, முகத்திலிருந்து கையை எடுக்காமலே. "மொதல்ல முளைக்கட்டும்."