கவிழ்த்து வைத்த டம்ளர்

…பதினஞ்சு வார்த்தையில பதினொண்ணுதான் வந்துச்சு, மீதி எங்க போய்த் தொலைஞ்சுதோ, குடை, மாடு, சாவி, ஆறு, அப்புறம்… டம்ளர்னு நான் சொன்னதும், டெஸ்ட் எடுக்குத ப்ரீதா பேனாவை நிறுத்திட்டா. "ஆன்ட்டி, அது லிஸ்ட்ல இல்ல, கோயி பாத் நஹீ, பரவால்ல"ங்கா. இல்லையா? உன் வாயால சொன்னதை என் காதால கேட்டேனே பிள்ள. டெல்லியிலயே பிறந்து வளந்தவ, தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சுத் தத்தித் தத்திப் படிக்கா, அவதான் விட்டிருப்பா… தாளைத் திருப்பிக் காட்டுதா. மேலயிருந்து கீழ ரெண்டு தடவை விரல் வச்சுப் பாத்துட்டேன். டம்ளர் இல்ல. சொல்லாததைக் கேட்டேன்னு சாதிக்கது எங்க வீட்டுல அண்ணன் வேலையில்லா?

அண்ணன் பிராங்ளினுக்கு மனச்சிதைவு வந்து இருபத்தாறு வருசம். நோயாளியோட கூடப்பிறந்தவங்கள்ல நல்லா இருக்கிற ஆளு வேணும், ஞாபகத்தைச் சோதிக்கணும்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க, வந்தேன். நல்லா இருக்கிற ஆளு! பாரத்துல அந்த வரிக்குக் கீழ பிலோமினான்னு கையெழுத்துப் போடும்போது ஒரு பெருமை, சொல்ல வெக்கமா இருக்கு. இப்ப எண்ணைத் தலைகீழாச் சொல்லணுமாம், ஏழு ரெண்டு ஒம்பது நாலு… நாலு, ஒம்பது… டம்ளர் எதுக்கு வந்துச்சு? காலையில கவுத்தேனா? அம்மா பழக்கினது அது, மாத்திரை குடுத்ததும் அண்ணன் டம்ளரைக் கழுவிக் கவுத்திரணும், நிமிந்திருந்தா இன்னும் குடுக்கலன்னு அர்த்தம். அம்மா போய் மூணு வருசமாச்சு, பழக்கம் போகல. மாத்திரையை அட்டையிலயிருந்து பிரிச்சு மொத்தமா பாட்டில்ல கொட்டி வச்சதும் அவதான், அட்டை சரசரத்தா ஒட்டுக் கேக்காங்கன்னு இவன் மிரண்டுருவான். அதனால எண்ணிப் பாக்கவும் வழியில்ல. கிழமை போட்ட பெட்டி வாங்குங்கன்னு டாக்டர் சொன்னாரு, எனக்குத் தலை இருக்கே சார்னேன். வாய்க்கொழுப்பு. நவம்பர்ல ரெண்டு நாள் மாத்திரை விட்டுப் போய், மூணாம் நாள் யமுனைப் பாலத்துல செருப்பில்லாம நின்னான், கைப்பிடிச் சுவர் மேல ஒரு கால். கடவுளே, ஒரே நாள்ல ரெண்டு தரம் குடுத்தாலும் ஆபத்து, அப்படிக் குடுத்து ஒரு தடவை குளியலறையில விழுந்து மண்டை உடைஞ்சுது.

அஞ்சு நிமிசம் கேட்டு வெளிய வந்து மயூர் விஹார் வீட்டுக்குப் போன் போட்டேன். "அண்ணே, உன் டம்ளர் எப்படி இருக்கு?" "கவுந்திருக்கு." அப்பாடா, போன உயிர் வந்துச்சு. "மாத்திரை போட்டேல்லா?" "நீ தரலியே பிலோ. குக்கர் மூணாவது விசில் அடிச்சுது, பச்சைச் சேலையில வந்தே, டம்ளரைக் கழுவிக் கவுத்தே, மெட்ரோவுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டே. தரல." குனிஞ்சு பாக்கேன், பச்சைச் சேலைதான். டம்ளரோட ஈரம் விரல்ல ஞாபகம் இருக்கு, அவன் உள்ளங்கையில மாத்திரை வச்சது மட்டும் இல்ல. இருக்கோ? நேத்து வச்சதோ? இருபத்தாறு வருசத்துல அவன் சொன்ன எதையாவது நம்பியிருக்கேனா, ஜன்னல்ல ஆள் நிக்கான்னா இல்லன்னேன், சோத்துல விஷம்னா அள்ளித் தின்னு காட்டினேன். அவன் சொல்லுதது சரின்னா நான் யாரு? தப்புன்னா, ரெண்டாவது மாத்திரையை என் வாயாலயே போடச் சொல்லுவேனா? உள்ள ப்ரீதா கூப்பிடுதா, "ஆன்ட்டி, ஜல்தி வாங்க, அந்த லிஸ்ட்டை மறுபடி சொல்லணும்." "இப்பப் போட்டுக்கவா?"ன்னு இவன் சாதுவா கேக்கான். "நீ சொல்லு பிலோ. உனக்குத்தானே எல்லாம் ஞாபகம் இருக்கும்." வாயைத் திறக்கேன், போடுன்னும் வரல, வேண்டாம்னும் வரல… போன்ல பாட்டில் மூடி திருகுத சத்தம் கேக்குது.

நிஜமாவே கேக்குதா?