சடையன் பேரில் ஒரு கோல்

தோணி தள்ளும் கோலின் தலைப்பில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான் சடையன். மழையில் கை வழுக்குகிறதாம். கிழிந்த வலையிலிருந்து உருவிய கயிறு. சுற்றி முடித்து, பல்லால் இழுத்து ஒரு முடிச்சுப் போட்டான். கூழ்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் பெண்டாட்டி குப்பம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“இன்னா முடிச்சு இது? பன்னி காலைக் கட்ற மாதிரி.”

“அவுத்துக் காட்டு, பார்க்கலாம்.”

நகத்தால் நிமிண்டிப் பார்த்தாள். அசையவில்லை.

“போய்ட்டு வா, அவுத்துக் காட்டறேன்.”

அவன் சிரித்துக்கொண்டே தோணியைத் தள்ளினான்.

கோட்டைக்குப் புதிதாக வந்திருந்த ஒல்லாந்துக் கட்டடத் துரையின் வேலைக்குத்தான் போனான். இந்தக் கரையில் யாரும் கண்டிராத உயரத்தில், ஏரியை ஒட்டி ஒரு கட்டடம் எழுப்பத் துரை திட்டம் போட்டிருந்தார். மரத்தில் மாதிரி செய்து வைத்திருந்ததைச் சடையனும் பார்த்துவிட்டு வந்து, சோறு தின்னாமல் சொன்னான். “கீழ கிடங்கு. அதுக்கு மேல துணி விக்கிற கூடம். அதுக்கும் மேல வூடுங்க. உச்சில விளக்கு. கப்பல்ல வர்றவன் அதைப் பார்த்துத்தான் பழவேற்காடு வந்துச்சுன்னு சொல்வானாம்.” கப்பல் சரக்கைப் படகில் ஏற்றி நேராகக் கிடங்கு வாசலில் இறக்க வேண்டும்; அதற்கு முகத்துவாரத்தில் ஆழம் பார்த்துச் சொல்ல வேண்டும். வாடைக்காற்று ஓய்ந்த பிறகு போகிறேன் என்றான். துரை அதுவரை பொறுக்கவில்லை.

கோல் மட்டும் கரை ஒதுங்கியது.

அவர்கள் ஊரான தோணிரேவில் ஒரு வழக்கம் உண்டு. உடல் கிடைக்காதவனின் கோலை அவன் கடைசியாகத் தோணி தள்ளிய இடத்தில் நட்டுவிடுவார்கள். அது தானாக விழும்வரை ஏரியில் அவனுக்குப் பங்கு உண்டு. வலை போடும் முறைக்குச் சீட்டு எடுக்கும்போது அவன் பெயரையும் கூப்பிடுவார்கள். விழுந்துவிட்டால் கூப்பிடமாட்டார்கள். சடையன் கோலையும் அப்படித்தான் நட்டார்கள். குப்பம்மாளுக்கு மீனில் வரும் பங்கு பெரிதாகத் தெரியவில்லை. ஊர் கூடியிருக்கும்போது ஒருவர் வாய்விட்டு அந்தப் பெயரைச் சொல்வது வேண்டியிருந்தது.

மழை விட்டதும் கூலியாட்கள் மண்வெட்டியோடு வந்து இறங்கினார்கள். துரை காகிதத்தை விரித்தார். துபாசி செங்கல்வராயன் கோலைக் காட்டி, “புடுங்குங்கடா, இங்கதான் மூலைக்கல்லு” என்றான்.

குப்பம்மாள் போய்க் கோலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“எம்மா, தள்ளு. இது துரை நட்ட அளவுக்கோல். மொத்தக் கட்டடத்துக்கும் இங்கேர்ந்துதான் கணக்கு.”

“துரை நட்டதா? அப்போ இந்த முடிச்சு?”

“இன்னா முடிச்சு?”

“அவர் போட்டதுன்னா அவுக்கச் சொல்லு, பார்க்கலாம்.”

கரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அங்காளம்மாள், “செங்கல்வராயா, தலப்பாகையைப் புடிச்சுக்கோ, காத்து பலமா கீது!” என்று கத்தினாள்.

துபாசி மொழிபெயர்த்தான். துரை குனிந்து, தன் விரலாலேயே முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு அளவெடுக்கும் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உண்மையைச் சொன்னான். கோல் நடச் சொன்ன அன்று மழை பிடித்துக்கொண்டது. கரையில் ஏற்கெனவே ஒன்று நட்டிருந்தது. யாரோ நமக்காகத்தான் நட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அதிலிருந்தே கயிறு பிடித்துவிட்டார்கள். கிடங்கு, கூடம், வீடுகள், உச்சி விளக்கு எல்லாம் செத்துப்போன சடையனின் கோலிலிருந்து அளந்து வரைந்தவை.

துரை என்னவோ இரைந்தார்.

“கோல் நின்னா மூலைக்கல்லு வைக்க முடியாது, ஏரிப் பக்கம் வாசலும் வராதுன்றார்மா. கட்டடத்தையே பின்னால தள்ளி, எல்லாத்தையும் புதுசா வரையணுமாம்.”

“வரையட்டும். அவர் காகிதத்துல கோடு கிழிக்கணும்னுதானே எம் புருசனைக் காத்துல அனுப்பினாரு? இன்னொரு வாட்டி கிழிக்கட்டும்.”

“கப்பல்காரனுக்குத் தெரியறாப்பல கட்றாங்க. நீ ஒரு கழியைப் புடிச்சுக்கினு…”

“கப்பல்காரனுக்குத் தெரிஞ்சா எனக்கு இன்னா? ஏரிலேர்ந்து பார்த்தா எம் புருசனுக்கு இந்தக் கோல் தெரியணும். புடுங்கறவன் என் கையையும் சேர்த்துப் புடுங்கட்டும்.”

கூலியாட்களில் பாதிப்பேர் பசியாவரத்துக்காரர்கள். அவர்கள் ஊர்க் கரையிலும் கோல்கள் நிற்கின்றன. மண்வெட்டிகள் தரையை விட்டு எழவில்லை. துரை காகிதத்தைச் சுருட்டினார். நாளைக்குச் சிப்பாய்களோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான் துபாசி.

மறுநாள் சீட்டு எடுக்கும் நாள். கோலடியிலேயே ஊர் கூடட்டும் என்று அங்காளம்மாள் வீடுவீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். வெயில் ஏறுவதற்குள் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள். ஊர்த் தலைவர் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

“சடையன்!”

“கீறான்” என்றாள் குப்பம்மாள்.

தூரத்தில் கோட்டைக் கதவு திறந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. தலைவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவள் கோலின் தலைப்பில் கை வைத்தாள். அத்தனை மழையில் ஊறியும், துரையே இழுத்துப் பார்த்தும், முடிச்சு நகக்கண் அளவுகூட நெகிழவில்லை.