மொட்டையின் இரண்டாம் அடி

மொட்டை சம்மட்டியை ஓங்கினான், நான் நழுவினேன். நழுவி முடிவதற்குள் குத்தை இறக்கியிருக்க வேண்டும். கட்டைவிரல் பிந்திவிட்டது. அவனுடைய இரண்டாம் அடி நடுமண்டையில் விழுந்தது. திரையில் என் ஆள், கையில் குடை வைத்திருக்கும் அந்த ஒல்லிப்பிச்சான், மறுபடியும் மல்லாந்தான். மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீட்டோடு கிடக்க ஆரம்பித்ததிலிருந்து இதுதான் பிழைப்பு. நாற்பதைத் தாண்டிய ஆம்பளை பட்டப்பகலில் சோபாவில் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுகிறான், அதிலும் தோற்கிறான் என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டால் நான் சண்டைக்குப் போக முடியாது. உள்ளதைத்தானே சொல்கிறார்கள்.

ஆனால் நான் பொழுது போகாமல் ஆடவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கப்பலில் வரும் இரும்புப் பெட்டிகளை, ஒவ்வொன்றும் ஒரு சின்ன வீட்டளவு இருக்கும், தூக்கிக் கரையில் இறக்க வேண்டும். பார்க்கிறவர்கள் தூக்குவதைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். தூக்குவதை மோட்டார் பார்த்துக்கொள்ளும். கஷ்டமெல்லாம் நிறுத்துவதில்தான். நான் உட்கார்ந்திருக்கும் கேபின் நின்றாலும் கீழே கயிற்றில் தொங்குகிற பெட்டி நிற்காது, முன்னால் ஆடிக்கொண்டு போகும். அது போய்த் திரும்பப் பார்க்கிற அந்த நொடியில் லீவரைத் துளி தள்ளி, நேராக அதன் தலைக்கு மேலே போய் நின்றுவிட்டால் ஆட்டம் அடங்கிவிடும். துளி பிந்தினால் அடங்காது, இன்னும் கூடும். ஆட்டத்தைப் பிடிப்பது என்று சொல்வோம். பிடிக்கத் தெரியாதவனைக் கேபினில் ஏற்றமாட்டார்கள்.

ஏற்றாததற்குக் காரணம் கீழே நிற்கும் கொக்கு. சதா அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து நீண்டுவிட்டது என்று அவனுக்கு அந்தப் பெயர். பெட்டியை அவன் நெஞ்சளவு உயரத்தில் நிறுத்துவேன். மூலைகளில் அடிப்பக்கம் மாட்டியிருக்கும் பூட்டுகளை அவன் கையை விட்டுக் கழற்றுவான். அவன் கழற்றி முடிக்கிற வரைக்கும் பெட்டி அசையக் கூடாது. இத்தனை வருஷமும் அசைந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய்.

டாக்டர் நல்ல மனுஷர்தான், ஆனால் கடைசியில் எல்லாவற்றையும் என் தலையிலேயே கட்டிவிட்டார். "நரம்பு சேர்ந்துடுச்சு. வர வேண்டிய பலமெல்லாம் வந்தாச்சு, இதுக்கு மேல வராது. பழைய கையா இல்லையான்னு நான் சொல்ல முடியாது, உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சரின்னா நான் கையெழுத்துப் போடறேன்." சூப்பர்வைசர் அவருக்கு மேல். திங்கட்கிழமைக்குள் ஏறுகிறாயா, இல்லை இப்போது இருக்கும் புது ஆளையே நிரந்தரமாகப் போட்டுவிடவா என்று கேட்டார். ஏறவில்லை என்றால் எனக்கு நுழைவாயிலில் உட்கார்ந்து லாரிகளின் நம்பர் பார்க்கிற வேலை.

பழைய கையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரப்பர் பந்தை நன்றாகவே கசக்கினேன். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். பலம் இருக்கிறது. நேரம் தப்பாமல் இருக்கிறதா என்று அளக்க வீட்டில் என்ன இருக்கிறது? மொட்டைதான் இருந்தான்.

என் கை நன்றாக இருந்தபோதே அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தது என் தங்கச்சி. நானும் அவளும்தான் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் வேலை பார்க்கிற கம்பெனி செய்கிற சண்டை விளையாட்டு அது, இன்னும் கடைக்கு வரவில்லை. நழுவல் எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும், நடுவில் எந்த இடத்தில் அதை வெட்டிவிட்டுக் குத்துக்குப் போகலாம் என்று கணக்கிட்டு வைப்பதுதான் அவளுடைய வேலை. அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை நம்ப எனக்கே கொஞ்ச நாள் ஆயிற்று. வெட்டுவதற்கு விட்டிருக்கும் அந்தச் சின்ன இடைவெளிக்கு அவர்கள் ஆபீஸில் ஜன்னல் என்று பேர். ஜன்னல் திறந்திருக்கும்போது அமுக்கினால் நழுவல் பாதியில் அறுந்து குத்து வரும். முந்தி அமுக்கினால் விளையாட்டு காதிலேயே போட்டுக்கொள்ளாது. பிந்தி அமுக்கினால் ஆள் முழுசாக நழுவி முடித்துத் தடுமாறி நிற்பான், மொட்டை இரண்டாம் அடியைப் போடுவான்.

"இதென்ன பெரிய கம்பசூத்திரமா" என்று முதல் நாளே வாங்கி ஆடினேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. எப்போதாவதுதான் தவறும். அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "எங்க ஆபீஸ்ல யாருக்குமே இப்படி வராதுண்ணா" என்றாள். எனக்கு ஆச்சரியமில்லை. நாளெல்லாம் நான் மேலே உட்கார்ந்து செய்வதும் இதைத்தான்.

அதனால்தான் சிகிச்சைக்குப் பிறகு அதே மொட்டையிடம் போனேன். அவன் மாறமாட்டான், ஜன்னல் மாறாது, மாறியிருந்தால் என் கைதான் மாறியிருக்கும். தினமும் அடி வாங்கினேன். தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே கிடக்கும். தங்கச்சி எதையாவது கேட்டால் சிடுசிடுவென்று விழுவேன். அவளும் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் பார்ப்பதை நினைத்தால் உடனே இன்னொரு ஆட்டம் போடுவேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில் குத்து வந்தது. சரி, குருட்டாம்போக்கில் வந்திருக்கும் என்று மறுபடி ஆடினேன். மறுபடியும் வந்தது. அன்று மத்தியானம் வரைக்கும் மொட்டையைப் புரட்டிப் புரட்டி எடுத்தேன். மறுநாளும் அப்படியே. கை திரும்பிவிட்டது. தட்டில் போட்டதையெல்லாம் சாப்பிட்டேன், தங்கச்சியிடம் இன்னொரு கரண்டி கேட்டேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பாவம், நம்மால் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரிடம் சரியென்றேன், கையெழுத்துப் போட்டார். சூப்பர்வைசரிடம் திங்கட்கிழமை வருகிறேன் என்றேன். கொக்குவுக்கும் போன் செய்தேன்.

"வந்துடுங்கண்ணே" என்றான். "புது ஆளு நல்லவன்தான். ஆனா அவன் நிறுத்தினப்புறமும் நான் கையை விடறதுக்கு யோசிக்கிறேன். நீங்க இருந்தா யோசிக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தங்கச்சிக்கு லீவு, அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் சும்மா ஒரு ஆட்டம் போட்டேன். தெருவில் ஏதோ வண்டி கிறீச்சென்று நிற்க, கண் அந்தப் பக்கம் போய்விட்டது. விரல் பிந்திவிட்டது. சந்தேகமே இல்லை, பிந்திவிட்டது. அடிக்குத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

குத்து வந்தது. மொட்டை விழுந்தான்.

வரக் கூடாதே. அடுத்த முறை வேண்டுமென்றே பிந்தினேன். வந்தது. இன்னும் பிந்தினேன். அதற்கும் வந்தது. டீயோடு வந்த தங்கச்சி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

"ஜன்னலை எவ்வளவு திறந்து வச்சிருக்க?" என்றேன்.

"என்னண்ணா?"

"நடிக்காத. நான் வேணும்னே லேட்டா அமுக்கறேன். குத்து வருது."

டம்ளரைக் கீழே வைத்தாள். "நம்ம வீட்டுல இருக்கிற காப்பியில மட்டும்தான். கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா?"

"இருந்ததுக்கு ரெண்டு மடங்கு." குரல் உள்ளே போய்விட்டது. "நீ சாப்பிடாம, பேசாம, அப்படியே உக்காந்திருந்த. பாக்க முடியலண்ணா. நாலு தடவை ஜெயிச்சா மனசு தெளிஞ்சிடும்னு நெனச்சேன். ஒரு கேம்தானேன்னு."

"நான் நாளைக்கு கிரேன் ஏறப் போறேன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"டாக்டர் சரின்னு சொல்லித்தானே போற?"

"டாக்டர் என்னைக் கேட்டார். நான் இவனைக் கேட்டேன்." திரையில் கிடந்த மொட்டையைக் காட்டினேன்.

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். படித்த திமிர் என்றேன், உன்னை யார் கேட்டது என்றேன். "கொக்கோட கை அந்தப் பெட்டிக்கு அடியில இருக்கும்டி" என்று சொல்லும்போது என் குரலே எனக்கு நன்றாக இல்லை. அவள் மேல் என்ன தப்பு? எதற்கு ஆடுகிறேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அதைத் தொட்டிருக்கவே மாட்டாள்.

"பழையபடி வை" என்றேன்.

"இப்ப வேண்டாம்ணா. நீ கோபத்துல இருக்க."

"நாளைக்குக் காலையில ஏறணும். அப்புறம் எப்ப வைப்ப?"

லேப்டாப்பை எடுத்து வந்து ஏதோ தட்டினாள். "வச்சாச்சு" என்றாள். திரையைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் குத்து வந்தது. அவள் மூச்சு விட்டதுகூட எனக்குக் கேட்டது. அடுத்தது வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. ஒன்று வந்தது. பிறகு வரிசையாக இரண்டாம் அடிகள்.

"பதட்டத்துல ஆடற. டீ குடிச்சிட்டு ஆடு" என்றாள். குடித்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்து ஆடினேன். கையை உதறி, வெந்நீரில் வைத்து எடுத்து ஆடினேன். வந்ததைவிட வராததுதான் அதிகம். விரல் போகிறது, ஆனால் நான் போ என்று சொன்ன பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுப் போகிறது. நானாக எத்தனை சப்பைக்கட்டு கட்டினாலும் அது அப்படித்தான் போகிறது.

"இன்னும் கொஞ்ச நாள் போனா..." என்று ஆரம்பித்தாள்.

"வர வேண்டியதெல்லாம் வந்தாச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

ஏறவில்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவர் காரணம்கூடக் கேட்கவில்லை. கேட்டில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். கொக்குவிடம் பேசுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"என்னண்ணே, விளையாடறீங்களா?"

"இல்லப்பா. கை பிந்துது."

"கொஞ்சம் பிந்தினா பிந்தட்டுமே. நான் சுதாரிச்சுக்கறேன். நீங்க ஏறுங்கண்ணே."

"சுதாரிக்கறதுக்கு உனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

ஏதாவது திட்டுவான் என்று பார்த்தேன். "சரிண்ணே" என்றான், உடனே வைத்துவிட்டான். நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. அழுவதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டும்.

தங்கச்சி இன்னும் தரையில்தான் இருந்தாள், மடியில் லேப்டாப். "நான் மாத்தாம இருந்திருந்தா..." என்றாள்.

"போன வாரமே தெரிஞ்சிருக்கும். அவ்வளவுதான். ஒரு வாரம் நல்லா சாப்பிட்டேன், அதையாவது கணக்குல வச்சுக்கோ."

சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. நான் சோபாவில் சாய்ந்து கேம் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன். அவள் பதறிப்போய்ப் பார்த்தாள்.

"இன்னும் எதுக்குண்ணா அதை எடுக்கற?"

"சும்மாதான்" என்றேன். "அந்த ஜன்னலைத் திறந்து விடு."

"நிஜமாவா?"

"நல்லா அகலமாவே திற. இனிமே கீழ யாரும் இல்ல."