பின்தங்காத கரும்பொருள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கொத்தக்கா என்று பெயர். விண்மீன் திரள்கள் நூற்றுக்கணக்கில் கூடி நிற்கும் கொத்துகளைத் தவிர வேறெதையும் அவள் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பதால் வந்த பட்டம். வைத்தது வேறு யாருமல்ல, அவள் கணவர்தான்.

கரும்பொருள் என்கிற, கண்ணுக்கே தெரியாத சரக்கு தன்னோடு தானே மோதிக்கொள்ளும் என்பது அவருடைய கொள்கை. இளவயதில் எழுதியது, அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. அதைச் சோதிக்கிற வேலை அவளுடையது. இரண்டு கொத்துகள் மோதும்போது திரள்கள் ஒன்றையொன்று உரசாமல் கடந்து போய்விடும். கரும்பொருள் தனக்குள் மோதினால், வேகம் குறைந்து அவற்றுக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். அது நிற்கும் இடத்தை நேராகப் பார்க்க முடியாது. அதற்கும் அப்பாலிருந்து வரும் ஒளி எங்கே, எவ்வளவு வளைகிறது என்று அளந்துதான் பிடிக்க வேண்டும். அளந்து அளந்தே அவள் தலை நரைத்தது.

ஆசை முடிவைக் கெடுத்துவிடக் கூடாதென்று விடையைக் கணினியில் மூடியே வைத்திருந்தார்கள். அன்று மதியம்தான் திறந்தார்கள். கூட வேலை பார்க்கும் தாடிக்காரர் பொத்தானை அழுத்தினார். எல்லாக் கொத்துகளிலும் கரும்பொருள் திரள்களோடு ஒட்டியே நின்றது.

"வீட்ல எப்படிச் சொல்லப் போறீங்க?" என்றார் தாடிக்காரர்.

"வாயாலதான்," என்றாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

பேருந்தில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது போலிருந்தது.

கணவர் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"திறந்துட்டீங்களா?"

"ம்."

"எவ்வளவு பின்னால?"

"பின்னால எதுவும் இல்லைங்க."

போர்வையின் ஓரத்தை ஓரத்தோடு சேர்த்தார். "கிட்ட இருக்கிற திரள் ஏதாவது தூரத்துத் திரளோட கலந்து அளவு தப்பியிருக்கும்."

"அதைப் பார்த்தாச்சு."

"மோதல் நம்மளைப் பார்த்து நேரா நடந்திருந்தா? பின்தங்கினாலும் தெரியாதே."

"அதையும் பார்த்தாச்சு. நீங்க கேக்கப் போற எல்லாத்தையும் நானே கேட்டுப் பார்த்துட்டேன்."

மடித்த போர்வையை அடுக்கின் மேல் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "அடுத்த வாரம் மாநாட்டுல நான் பேசணும். அதுவரைக்கும் வெளியிடாம இரேன்."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்கும் தெம்பில்லை.

"முடியாதுங்க. நாளைக்கு அனுப்பறோம்."

அதன்பின் வீட்டில் பேச்சு சுருங்கிப்போனது. குழாய் ஒழுகுது, சாவி எங்க, அவ்வளவுதான். கட்டுரை வெளியானது. மாநாட்டுக்குப் புறப்பட்டபோது அவர் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அங்கே போயிருந்த தாடிக்காரர் போன் செய்தார்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் எடுத்ததுமே உங்க முடிவோட வரைபடத்தைத்தான் திரையில போட்டார். 'நான் சொன்ன அளவுக்குக் கரும்பொருள் மோதவே இல்லை, என் மனைவி அளந்து பார்த்துட்டா, நான் சொன்னது தப்பு'ன்னார். மிச்ச நேரம் பூரா நீங்க அளந்த விதத்தைத்தான் விளக்கினார்."

"ஆள் எப்படி இருந்தார்?"

"ஓய்ஞ்சு போயிருந்தார். நடுவுல தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சார்."

போனை வைத்துவிட்டு அழுதாள். அவர் சொன்னது சரியாக இருக்க வேண்டுமென்று அவரைவிட அவள்தான் ஏங்கியிருந்தாள். இத்தனை ஆண்டுகளில் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை; சொன்னால் அளக்கிற கைக்கு மரியாதை போய்விடும்.

மறுநாள் மாலை அவர் வந்து பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு, செருப்பலமாரி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

"கரும்பொருள் நான் சொன்னதைவிட லேசா மோதினா?"

"மோதலாம். இருக்கிற கொத்துகளை வச்சு அதைச் சொல்ல முடியாது. இன்னும் நிறைய வேணும்."

"நிறையன்னா?"

"நம்ம ரெண்டு பேர் ஆயுசும் பத்தாது."

"அப்படியா," என்று சுவரில் தலையைச் சாய்த்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய ஷூவின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். அது அவிழ்வதற்குள் அவர் தூங்கிப்போனார்.