பாஸ்டருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டுக்காரர் போதகர். குப்பைமேட்டை ஒட்டிய குடியிருப்பில் தகரக் கூரை போட்ட சபை. ஓடி ஓடி உழைத்தவர், போன வாரம் ஓர் அடக்கத்தில் இறந்தவர் பெயருக்குப் பதிலாக, பக்கத்தில் நின்ற மகனின் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டார். உயிரோடு நின்றவன் வெலவெலத்துப் போனான். அன்றிலிருந்து இவருக்குப் பொட்டுத் தூக்கமில்லை. "இனி நான் எதுக்கு லாயக்கு?" என்று ஒரே புலம்பல். "ஓய்வு எடுக்கலைன்னா ஆளே விழுந்துடுவார்மா" என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான், ஏழைச் சபைகளின் போதகர்களுக்கு உதவும் சங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அவரும் போதகர்தான். என்ன தேவை என்று கேட்டார். இவர் ஆரம்பித்தார்: கூரைக்குத் தகரம், பிள்ளைகளுக்குச் செருப்பு, தையற்காரிக்கு மெஷின்...

"சரி, உங்களுக்கு?"

"கூரைதான் ஐயா..." என்று இவர் மறுபடி ஆரம்பித்தார். எனக்கு வந்ததே கோபம்!

"அவருக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வேணும் ஐயா. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு நாள் லீவு கிடையாது. தகரம் மெதுவா வரட்டும். நீங்க வந்து பிரசங்கம் பண்ணுங்க."

"ஏய், சும்மா இரு."

"சும்மா இருந்துதாங்க இந்தக் கதி!"

வந்தவர் சிரித்துவிட்டார். "இதை யாரும் கேட்டதே இல்லம்மா. வர்றேன்."

சொன்னபடி வந்தார். அவர் சபையில் நிற்க, இவர் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனையாக நடந்தார். பாட்டு கேட்டால் ஜன்னலுக்கு, நின்றால் கதவுக்கு. படுத்தார், எழுந்தார். போதாக்குறைக்கு, எங்கள் சபைக் கொத்தனார் ஆராதனையிலிருந்து நழுவி வந்து கதவைத் தட்டினார்.

"பாஸ்டர் தூங்கிட்டாராம்மா?"

அவரை அனுப்பினால் காய்கறிக்காரர், அதே கேள்வி. அடுத்து தையற்காரி.

"ஊரே வந்து கேட்டா மனுஷன் எப்படித் தூங்குவார்?" என்று சீறினேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. படியிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க உள்ள போங்கம்மா. இனி எவன் தட்டுறான்னு பாக்கறேன்." பிறகு தெருவெல்லாம் அவள் குரல்தான். "போய்யா! பாஸ்டர் தூங்குறார்!"

"நான் முழிச்சிட்டுதானே இருக்கேன்!" என்று பதறினார் இவர். "பாவம், எனக்காக அவ பொய் சொல்லணுமா?"

அவளைப் பொய்க்காரி ஆக்கக் கூடாதென்று அவசரமாகப் படுத்துக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

இவர் படுக்க மாட்டாரா என்று இத்தனை வருஷம் ஏங்கிய எனக்கு இப்போது இருப்புக்கொள்ளவில்லை. திடீரென்று குறட்டை நின்றது. ஓடிப்போய் மூக்கருகே விரல் வைத்தேன். மூச்சு சூடாக வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதேன்.