லோரிக்கு எதிரே பால்வெளி

நம் பால்வெளியின் நடுவே நட்சத்திரங்கள் திரண்டு ஒரு நீளமான தண்டாகக் கிடக்கின்றன. அதன் ஒரு முனை நமக்குக் கிட்டே, மறுமுனை எட்டத்தில். எந்த முனை கிட்டே என்பதை உலகம் எப்போதோ அளந்து சொல்லிவிட்டது. ஈப்போ நகரின் புந்தோங்கில் இருந்த ஜூடித்துக்கு மட்டும் அது நேர்மாறாக வந்து தொலைத்தது.

ஒரே அளவு ஒளிவிடும் நட்சத்திரங்களை வானக் கணக்கெடுப்பிலிருந்து பொறுக்கி, பளிச்சென்று தெரிபவை கிட்டே, மங்கலானவை தூரத்தில் என்று பிரித்து, கணினியில் தான் கட்டிய தண்டோடு பொருத்திப் பார்ப்பதுதான் அவளுடைய முனைவர் ஆய்வு. அந்தப் பக்கம் சாய வேண்டிய தண்டு இந்தப் பக்கம் சாய்ந்துகொண்டு அடம்பிடித்தது.

"திங்கக்கிழமைக்குள்ள காரணம் தெரியலைன்னா, இந்தத் தரவை விட்டுட்டு முதல்ல இருந்து தொடங்கணும்மா," என்றார் பேராசிரியர் விமலா, பொறுமையாகத்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஜூடித்துக்கு. வருஷக்கணக்கான உழைப்பாயிற்றே! அண்ணன் கோலினோ, தங்கை உலகத்தையே பொய்யாக்கிவிட்டாள் என்று சர்ச் முழுக்கத் தண்டோரா போட்டிருந்தான். அவன் வாய்க்குப் பூட்டு ஏது?

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், சுங்காய் எஸ்டேட்டில் செம்பனைப் பழம் ஏற்றும் தன் லோரியை வீட்டு வாசலுக்குள் நுழைக்க, வழிகாட்டச் சொல்லி அவளைக் கூப்பிட்டான். அவள் வாசலுக்குள் நின்று அவனைப் பார்த்துக் கத்தினாள்.

"லெஃப்ட் வாங்கண்ணே... இன்னும் லெஃப்ட்லா!"

வளைத்தான். அம்மா டோரிஸின் ஆர்க்கிட் தொட்டி நொறுங்கியது.

"யாரோட லெஃப்ட்?" கோலின் தலையை வெளியே நீட்டினான். "நீ என்னைப் பார்த்து நிக்கிற, நான் உன்னைப் பார்த்து வாரேன்!"

ஜூடித் செருப்போடு வீட்டுக்குள் ஓடினாள்.

தண்டைக் கட்டும்போது அவள் மனசால் பால்வெளியின் மையத்தில் போய் நின்று, நம்மைப் பார்த்தபடி இடம் வலம் வைத்துவிட்டாள். நட்சத்திரங்களையோ இங்கிருந்து அங்கே பார்த்து அளந்திருந்தார்கள். ஒரே ஒரு குறியை மாற்றிக் கணினியை ஓட்டினாள். தண்டு திரும்பி, உலகம் சொன்ன இடத்தில் சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. தரவில் ஒரு பழுதும் இல்லை. நெஞ்சை அழுத்திய பாரம் இறங்க, மேசையில் தலை வைத்து அழுது தீர்த்தாள்.

அப்புறம் விமலாவுக்குப் போன் போட்டாள். "தப்பு என்னோடதுதான் மேடம். நட்சத்திரங்க சரியாத்தான் இருக்கு."

"அப்பாடா!" என்றார் அவர். "எழுத உட்காரும்மா."

வெளியே கோலின் சிதறிய மண்ணை அள்ளிக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் சொன்னதுதான் சரிண்ணே! எனக்கும் அதேதான் வந்துருக்கு!"

"ஐயோ, நான் சர்ச் பூரா சொல்லிட்டேனே!"

"மாத்திச் சொல்லிடுங்க."

திட்டத்தான் வாயெடுத்தான். பல வாரங்களுக்குப் பிறகு அவள் சிரிப்பதைப் பார்த்ததும் விட்டுவிட்டான். "சரி, அம்மா பாக்குறதுக்குள்ள லோரிய அப்படியே பின்னால கோஸ்தான் பண்ணி வெளிய எடுக்கணும். வந்து காட்டு."

இந்த முறை ஜூடித் எதிரே போய் நிற்கவில்லை. லோரியில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்; கண்ணாடியைப் பார்த்து, "லெஃப்ட்," என்றாள்.