இரண்டு ஈரத்துண்டுகள்

பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைத்தான் பார்ப்பார்கள் என்று நினைப்பது மடத்தனம். வடக்கு வியட்நாமில், எங்கள் தாய்பின் மாகாணத்தில் அப்போதெல்லாம் பெண்ணின் அப்பாவைத்தான் பார்ப்பார்கள். போரில் எந்தக் காட்டில் இருந்தார் என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். தெற்கே, அமெரிக்க விமானங்கள் இலையுதிர்க்கும் மருந்தைக் கொட்டிய மலைகளில் இருந்தவர் என்று தெரிந்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அந்த விஷம் ரத்தத்தில் தங்கி, பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் இறங்கும் என்பது ஊரறிந்த விஷயம்.

என் கணவர் லாப் அந்த மலைகளில் இருந்தவர். எனக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அவை எப்படிப் பிறந்தன என்பது எனக்கும் மருத்துவச்சிக்கும் மட்டும் தெரியும். அடுத்து வந்தவள் மியென். கை கால் விரல்களை எண்ணி எண்ணிப் பார்த்து வளர்த்தேன். உள்ளூரில் ஏற்கெனவே ஒரு இடம் தட்டிப்போயிருந்தது. இப்போது சணல் மில்லில் அவளோடு வேலை செய்யும் ஹுவான் என்ற பையன், அடுத்த மாவட்டத்திலிருந்து தன் அப்பா அம்மாவைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தான். இதையும் விட்டுவிட எனக்கு மனசில்லை. பொய்யை நான்தான் தயார் செய்து, ஹுவானிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

"போர் முடியிற வரைக்கும் ஹைஃபாங் துறைமுகத்துல காவல்ல இருந்தேன்னு சொல்லுங்க. அதுக்கு மேல வாயத் திறக்காதீங்க" என்றேன் அவரிடம்.

"கப்பல் பேரு ஏதாவது கேட்டா?"

"இருமுங்க."

வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார்கள். பையனின் அம்மா சுயெனுக்குக் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. சுவரைப் பார்த்தாள், மியெனின் நடையைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"ஒரே பொண்ணுதானா, அக்கா?"

"ஒண்ணு போதும்னு விட்டுட்டோம்."

"அந்தக் காலத்துல யாரு அப்படி விட்டாங்க" என்று சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு எத்தனை?"

"ஹுவான் ஒருத்தன்தான்."

"அப்போ நீங்களும் போதும்னு விட்டுட்டீங்களாக்கும்."

அவள் டீயைக் குனிந்து பார்த்தாள். அங்கேயே எனக்குச் சந்தேகம் விழுந்தது. அவள் கணவர் டோன், தான் போர்க்காலம் முழுக்க நாம்தின் நகரத்தில் ராணுவ லாரிகளைப் பழுதுபார்த்ததாகச் சொன்னார். லாரி மெக்கானிக்காம்! வாசலில் அவர்கள் மோட்டார்சைக்கிள் மக்கர் பண்ணியபோது கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தவர் இவர்தான், சரிசெய்தது பையன். இந்த ஆள் எதையோ மறைக்கிறார், அதுவும் என்னிடமே மறைக்கிறார் என்று நினைத்தேன்.

அப்போது காற்று எங்கள் பக்கம் திரும்பியது. பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நெடி வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர் தோள் துண்டை இழுத்தார், கோப்பையில் இருந்த டீயை அதில் ஊற்றினார், மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு மேலே கூரையைப் பார்த்தார். விமானம் மருந்தைக் கொட்டும்போது காட்டில் அவர்கள் செய்தது அது; தண்ணீர் இல்லாவிட்டால் மூத்திரத்தில் நனைப்பார்களாம். கெட்டது குடி என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது டோனும் ஈரத்துண்டால் முகத்தைப் பொத்தியிருந்தார். டீ அவர் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவரும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் கணவர் துண்டுக்குள்ளிருந்தே கேட்டார்.

"எந்தப் பக்கம், அண்ணே?"

"ஆ லுவொய் மலைப் பக்கம். நீங்க?"

"அதேதான். மரவள்ளி தின்னீங்களா?"

"மருந்து விழுந்து வாடுனத பிடுங்கித் தின்னோம். வேற என்ன இருந்துச்சு? ஆமா, துறைமுகத்துல ஏது மரவள்ளி?"

"லாரிப் பட்டறையில விளைஞ்சதுதான்."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனேன். சுயென் பின்னாலேயே வந்தாள்.

"இன்னொருத்தன் இருக்கான்" என்றாள். "பதினாறு வயசு. எழுந்து உக்காரக்கூட முடியாது. பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்தேன். துறைமுகத்துல இருந்தவர் வீட்டுப் பொண்ணுன்னு ஹுவான் சொன்னான். நல்ல ரத்தம், பேரப்பிள்ளையாவது தப்பிக்கும்னு வந்தேன்."

"நானும் அதே கணக்குல தானே கதவத் திறந்தேன்" என்றேன். ஏமாற்ற நினைத்தவளே ஏமாந்த கோபம் எனக்கு. "ஒரு பக்கம்னாலே பயம். ரெண்டு பக்கமும்னா எப்படி? இது வேண்டாம், அக்கா."

அவள் தலையாட்டி ஒப்புக்கொண்டாள். கதவருகில் மியென் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அம்மா, நான் வயித்துல இருந்தப்ப உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

ரெண்டைப் புதைத்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? "தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சும் பெத்தே."

"பெத்தேன்."

"ஏன்?"

அந்தப் பத்து மாதமும் நான் ஒழுங்காகத் தூங்கியதில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? "ஆசையா இருந்துச்சுடி" என்றேன்.

"எனக்கும் ஆசையாத்தாம்மா இருக்கு."

அதற்குமேல் என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதேன். சுயென் வந்து என் கையைப் பிடித்தாள். நான் உதறவில்லை.